பெயரை மறைத்தால் போதுமா?

மருத்துவர் தம் பணியில் கண்டதையும் கேட்டதையும் வெளியே பேசலாகாது என்பது கிரேக்க அறிஞர் இப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் உறுதிமொழி. ஆயினும், ஒருவர் கண்ட நோயைப் பிறர் அறிய எழுதிவைத்தமையால்தான் மருத்துவம் வளர்ந்தது. நாவுக்கு இட்ட பூட்டு எழுதுகோலுக்கும் உரியதா என்னும் வினாவுக்கு விடை காணவே நெடுங்காலம் ஆயிற்று.

1895-இல் வியன்னா மருத்துவர்களான புரோயரும் பிராய்டும் ஹிஸ்டீரியா பற்றி நூல் வெளியிட்டபோது, முதல் நோயாளியை 'அன்னா ஓ.' என்னும் புனைபெயரால் குறித்தனர். அப்பெண்மணி பிற்காலத்தில் பெண்கள், குழந்தைகளின் நலனுக்காகப் பெரும்பணி ஆற்றி, 1936-இல் மறைந்தார். 1953-இல் பிராய்டின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய எர்னெஸ்ட் ஜோன்ஸ் அவருடைய இயற்பெயரை வெளியிட்டார். 58 ஆண்டுகள் காத்த திரை விலகியது; மறுப்புரைக்க அவர் உயிரோடு இல்லை.

1905-இல் மற்றோர் இளம்பெண்ணின் நோய் வரலாற்றை வெளியிட்ட பிராய்டு, பெயரை மாற்றினார். சிகிச்சை முடிந்து நான்கு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தார். ஆனால், நோயாளியிடம் இசைவு கேட்பது பயனற்றது என்று முன்னுரையில் எழுதினார். அறிவியலுக்கான கடமையே அவருக்குப் பெரிதாகப்பட்டது.

மறைந்தவரின் மறைபொருளும் காக்கத்தக்கதே என்பதை அடுத்த தலைமுறை உணர்ந்தது. சர்ச்சில் மறைந்த மறு ஆண்டே, 1966-இல், அவருடைய மருத்துவர் மோரன் பிரபு தம் குறிப்புகளை நூலாக்கிக் கண்டனத்துக்கு ஆளானார். உலக மருத்துவச் சங்கம் 1948-இல் வகுத்த ஜெனிவா உறுதிமொழியில், நோயாளி இறந்த பின்னும் அவர் மறைபொருளைக் காக்கவேண்டும் என்னும் கருத்து 1968-இல் சேர்க்கப்பட்டது.

1995-இல் மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு இன்னும் தெளிவாக உரைத்தது. அடையாளம் காட்டும் செய்தி அறிவியலுக்கு இன்றியமையாததாக இருத்தல் வேண்டும்; நோயாளியும் அறிந்து இசைதல் வேண்டும்; இன்றேல் அச்சிடலாகாது. நிழற்படத்தில் கண்களை மட்டும் மறைப்பது போதாது என்பதும் அக்குழுவின் நெறி. பிராய்டு பயனற்றது என்று ஒதுக்கிய கேள்வியே இவ்வாறு முதன்மை பெற்றது.

அச்சுக்கு ஓர் இதழாசிரியர் காவலாக நின்றார். இன்று இணையத்தில் எழுதும் மருத்துவருக்கும் உலகுக்கும் இடையே எவரும் இல்லை. பெயரை விட்டுவிட்டாலும், மருத்துவமனை, நாள், தொழில், அரிய நோய் ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்க்கும் உறவினருக்கு ஆள் யாரெனத் தெரிந்துவிடும். ஆகவே, பெயரை நீக்குவதோடு நம் கடமை முடிவதில்லை. எழுதப்படுபவர் அதனைப் படித்து இசைந்தாரா என்று கேட்பதே வரலாறு நமக்குக் கற்பிக்கும் முறை.