பெயரும் எண்ணும்

திண்டுக்கல் மலைக்கோட்டை மேல் ஏறி நின்று மேற்கே பாருங்கள். கொடைக்கானல் மலை நீலமாகப் படுத்திருக்கும். அதன் அடிவாரத்துச் சமவெளி வத்தலக்குண்டைக் கடந்து வைகைப் பக்கமாக இறங்குகிறது. அந்த வைகைக் கரையில், ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் 2006-இல் சில நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். அவற்றில் ஒன்று, கூடலூர் ஆநிரைச் சண்டையில் மாண்ட தீயன் அந்தவன் என்பவனுக்கு எடுத்தது. எழுத்து தமிழ் பிராமி. கல்லின் வயது இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேல்.

மாடுகள் யாருடையவை, நியாயம் எந்தப் பக்கம் என்பதையெல்லாம் அந்தக் கல் சொல்லவில்லை. செத்தவன் பெயரைச் சொல்கிறது. நட்டவர்களுக்கு அது போதும் என்று தோன்றியிருக்கிறது.

இனி 1914-க்கு வருவோம். முதல் உலக யுத்தத்தில் பட்டாளத்துக்கு ஆள் கொடுத்த ஊர்களில் வெள்ளைக்கார சர்க்கார் கல் பதித்தது. தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட கற்கள் இன்னும் சில இருக்கின்றன. இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று அவை கணக்குச் சொல்லும். யார் போனார், யார் திரும்பவில்லை என்று கேட்டால் கல் வாயைத் திறக்காது.

கடல் கடந்தும் இதே கதைதான். ஈராக்கில் 1929-இல் திறந்த பாஸ்ரா நினைவுச் சின்னம், கல்லறை கிடைக்காத நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோருக்காக எழுந்தது. அதில் அதிகாரிகளுக்குப் பெயர் பொறித்தார்கள். இந்தியச் சிப்பாய்களுக்கோ இன்ன ரெஜிமெண்டில் இத்தனை பேர் என்ற எண்தான். இந்தப் பாகுபாட்டை ஒப்புக்கொண்டு காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் மன்னிப்புக் கேட்டது 2021-இல்! அதற்குள் அந்தச் சிப்பாய்களின் பிள்ளைகளும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

பெயர் தப்பியவர்களும் உண்டு. காஞ்சிபுரம் பக்கத்துக் கீழ் ஒட்டிவாக்கத்தில் பிறந்த சுபேதார் சுப்பிரமணியன் மதராஸ் சாப்பர்ஸ் படைக்காரர். 1944 பிப்ரவரி 24-இல் இத்தாலியில் மின்யானோ அருகே கண்ணிவெடி அகற்றும் வேலை நடந்தது. முன்னால் போனவர் ஒரு கண்ணியை மிதித்துவிட்டார். அது முழுதும் வெடிக்கச் சில விநாடிகள் இருந்தன. சுப்பிரமணியன் அதன்மேல் விழுந்து, கூட இருந்தவர்களைக் காப்பாற்றித் தாம் மாண்டார். ஜார்ஜ் சிலுவை விருது கிடைத்ததால் அவர் பெயர் நமக்குத் தெரிகிறது. விருது கிடைக்காமல் செத்தவனும் ஒரு தாய்க்குப் பிள்ளைதானே?

"அந்நிய ராஜாவின் சண்டைக்குக் கூலிக்குப் போனவர்கள், அவர்களை நாம் ஏன் நினைக்க வேண்டும்?" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதுதான். மழை பொய்த்த வருஷத்தில் புஞ்சைக்காட்டுப் பிள்ளைக்குப் பட்டாளத்துச் சம்பளம் என்னவாக இருந்தது என்பதையும் கூடவே கேட்க வேண்டும். ஒருவன் பெயரை எழுதி வைப்பதனால் அவன் செத்த சண்டையை நாம் நியாயம் என்று சொன்னதாகாது. வைகைக் கரையில் கல் நட்டவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருந்தது.

உங்கள் ஊரில் 'பட்டாளத்தார் வீடு' என்று இன்னும் ஒரு வீட்டைச் சொல்லலாம். அங்கே சுவரில் மங்கிய போட்டோ ஒன்று தொங்கலாம். அது யார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். கேட்ட பெயரைப் படத்தின் பின்னால் எழுதி வையுங்கள். பெரிய கல் வேண்டியதில்லை, ஒரு பென்சில் போதும்.