சாளை என்றால் மீனா?

போன மாதம் வீடு மாற்றும்போது ஒரு பழைய பிஸ்கட் டப்பா அகப்பட்டது. உள்ளே அம்மாவின் கடிதங்கள். 2003-ல் நான் மெல்பர்ன் வந்த புதிதில் அகளியிலிருந்து எழுதியவை. அம்மா போய்ச் சேர்ந்து ஐந்து வருடமாகிறது. பெட்டிகளை அப்படியே போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மகளுக்குப் பன்னிரண்டு வயது. சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியின் புண்ணியத்தில் எழுத்துக்கூட்டி வாசிப்பாள். ஒரு கடிதத்தை எடுத்துச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள். "மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டுத் திரும்பறதுக்குள்ள மழை பிடிச்சுக்கிச்சு. சாளையில ஒதுங்கி உக்காந்துக்கிட்டு இதை எழுதறேன்."

முதல் சந்தேகம்: "தண்ணிய மாடு பார்த்தா போதுமாப்பா, குடிக்க வேண்டாமா?" நான் சிரித்து முடிப்பதற்குள் போனில் தேடிவிட்டு அடுத்த குண்டைப் போட்டாள். "சாளைன்னா மீன்னு போட்டிருக்கு. பாட்டி மீனுக்குள்ளயா உக்காந்திருந்தாங்க?" :-)

அகராதி பொய் சொல்லவில்லை. கடலோரத் தமிழில் சாளை என்றால் மத்தி மீன்தான். மலையாளிகளும் சாள என்பார்கள். ஆனால் கொங்குப் பக்கம் சாளை என்றால் தோட்டத்தில் போட்டிருக்கும் குடிசை. கோயம்புத்தூரிலிருந்து ஆனைக்கட்டி தாண்டினால் வரும் அட்டப்பாடியில் இருக்கிறது எங்கள் அகளி. கவுண்டர் வீடுகளின் கொங்குத் தமிழ், மலையாளம், இருளர், முடுகர், குறும்பர் பேச்சுகள், எல்லாம் ஒரே சந்தையில் கேட்கும். சாளையிலிருந்து கிளம்பிப் போய்ச் சாளை வாங்கி வரலாம்!

அங்கே வளர்ந்தவனுக்கு ஊகித்துப் படிப்பது தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டிய வித்தையே இல்லை. வெள்ளம் என்றால் எங்கள் வீட்டில் ஆற்றில் வருவது, மலையாளத்தில் குடிப்பது. குழாயடியில் 'குடிவெள்ளம்' என்று எழுதியிருந்தால் யாரும் பயந்து ஓடுவதில்லை. சம்சாரம் நமக்கு மனைவி, அவர்களுக்குப் பேச்சு. பட்டி நமக்கு ஆடு மாடு அடைக்கும் இடம், அவர்களுக்கு நாய். சொல்லை மட்டும் பார்த்தால் மாட்டிக்கொள்வோம். பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் தப்பித்துக்கொள்வோம்.

இதை நம் பெரியவர் ஒருவர் எப்போதோ விதியாகவே எழுதி வைத்துவிட்டார். தொல்காப்பியத்தின் சொல்லதிகாரத்தில், ஒரே சொல்லுக்குப் பல பொருள் இருந்தால் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்ற கேள்வி வருகிறது. தொல்காப்பியர் மூன்று வழி சொல்கிறார்: வினை, இனம், சார்பு. உரையாசிரியர்கள் 'மா' என்ற சொல்லை வைத்து இதை விளக்குகிறார்கள். மா பூத்தது என்றால் மாமரம், வினை காட்டிக்கொடுக்கிறது. மாவும் மருதும் வளர்ந்தன என்றாலும் மரம்தான். கூட நிற்கும் இனம் காட்டிக்கொடுக்கிறது. கவசம் மாட்டிக்கொண்டு நிற்கிற வீரன் மா கொண்டுவா என்றால் குதிரை. அது சார்பு, அதாவது அவன் நிற்கும் சூழ்நிலை. வினையை வைத்துப் பிரிக்க முடியாத சொல்லாக இருந்தால்? சொல்பவர்தான் விளக்கிச் சொல்ல வேண்டும் என்று அடுத்த விதியையும் போட்டுவிட்டார்.

மகளுக்கு இதைச் சொன்னேன். யோசித்துவிட்டு, "ஒதுங்கின்னு இருக்கு. மழைக்கு ஒதுங்கறதுன்னா கூரை வேணும். அப்ப சாளை ஒரு சின்ன வீடு" என்றாள். தண்ணி காட்டுவதும் அப்படியே விளங்கிவிட்டது. முழு மதிப்பெண்.

ஆனால் ஊகம் எவ்வளவு தூரம் போகும்? இங்கேதான் உ.வே.சாமிநாதையரின் கதை ஞாபகம் வருகிறது. அவர் 1880-ல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் ஆனவர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். அந்த வருடம் அக்டோபர் 21-ஆம் தேதி, ஊருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்ன படித்திருக்கிறீர்கள் என்ற கேள்விக்கு அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் என்று அடுக்கினார். முதலியார் அசையவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். இல்லை. அன்று ஆரம்பித்தது எல்லாம்.

எழுத்துப்பிரதி கைக்கு வந்த பிறகுதான் சிக்கல் புரிந்தது. தமிழ் தெரிகிறது, பொருள் தெரியவில்லை. நச்சினார்க்கினியர் உரை கூடவே இருந்தது. ஆனால் அவரோ எந்த நூல் என்று பெயர் சொல்லாமலே பழைய பாடல்களை மேற்கோள் காட்டிக்கொண்டு போகிறவர். அதோடு சிந்தாமணி ஒரு சமண காவியம். சைவ நூல்களில் ஊறியவருக்கு வினையும் இனமும் கைகொடுத்தாலும் சார்பு கைகொடுக்கவில்லை. அந்தச் சொற்கள் வாழ்ந்த வீடே வேறு.

அவர் என்ன செய்தார்? ஊகத்தோடு நிற்கவில்லை, கேட்கப் போனார். கும்பகோணத்திலேயே சமணர்கள் இருந்தார்கள். அவர்கள் வீட்டில் சிந்தாமணியைப் பக்தியோடு படித்து வந்தார்கள். பெரிய வித்துவான்களுக்குப் புரியாத இடம் அவர்களுக்கு அன்றாட வழக்கம். கேட்டுக் கேட்டு, பல ஏடுகளை ஒப்பிட்டு, 1887-ல் சிந்தாமணியைப் பதிப்பித்தார். மணிமேகலைக்கு அந்த வசதி இல்லை. அது பௌத்த காவியம். கேட்கத் தமிழ்நாட்டில் பௌத்தக் குடும்பங்கள் அக்கம்பக்கத்தில் இல்லை. பௌத்த நூல்களைப் படித்திருந்த பேராசிரியர் மளூர் ரங்காசாரியாரின் துணையோடுதான் அந்தச் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்ள முடிந்தது. நூல் வெளிவந்தது 1898-ல்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. ஏடு அழிந்தால் மட்டும் நூல் அழிவதில்லை. அந்தச் சொல்லைப் புழங்கிய மனிதர்கள் இல்லாமல் போனாலும் பாதி அழிந்துவிடுகிறது.

எங்கள் ஊர்ப்பக்கமே இதற்கு ஒரு சாட்சி உண்டு. 2020-ல் வந்த 'அய்யப்பனும் கோஷியும்' படத்தில் அட்டப்பாடி நக்குப்பதி ஊரைச் சேர்ந்த நஞ்சியம்மா இருளர் மொழியில் பாடிய 'களக்காத்த' பாட்டை நீங்களும் கேட்டிருப்பீர்கள். 2022-ல் அறிவித்த தேசிய விருதுகளில் சிறந்த பின்னணிப் பாடகி அவர்தான். முதலில் கேட்டபோது 'களம் காத்த' என்றுதான் என் காதில் விழுந்தது. நெற்களத்தைக் காத்தவரைப் பற்றிய பாட்டாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். தொடர்ந்து கேட்டால் தெற்கு, வடக்கு, மேற்கு என்று வரிசையாகத் திசைகள் வருகின்றன. கூடவே மரங்கள், பூக்கள். அப்புறம்தான் உறைத்தது, களக்கு என்பது நம் கிழக்கு. தொல்காப்பியர் சொன்ன இனம் வேலை செய்துவிட்டது! அகளியில் பிறந்து வளர்ந்த எனக்கே பக்கத்து ஊர்ச் சொல் நாற்பது வயதுக்கு மேல்தான் விளங்கியது. சின்ன வயதில் யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வெட்கம்தான்.

அதனால்தான் இந்தமுறை ஊகத்தோடு விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போன் போட்டு மகளிடம் கொடுத்தேன். அம்மாவின் தங்கை எடுத்தார்.

"சின்னப் பாட்டி, சாளைன்னா என்னங்க?"

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. பிறகு சொன்னார்: "நம்ம தோட்டத்துச் சாளைங் கண்ணு. மேல ஓலை, ரெண்டு பக்கம் மண்ணுச் செவுரு. ஒரு மூலையில மாடு, ஒரு மூலையில உங்க பாட்டி. மழை விடற வரைக்கும் உங்கப்பனுக்குக் காயிதம் எழுதிட்டு உக்காந்திருப்பா. இப்பக் கூரை போயிருச்சு, செவுரு மட்டும் நிக்குது. நீ வந்தீன்னா காட்டறேன்."

மகள் 'சின்ன வீடு' வரைக்கும் தானாகவே வந்துவிட்டாள். ஓலையும் மாடும் கடிதத்தில் இல்லை, அகராதியிலும் இல்லை. சின்னம்மாவிடம் இருந்தது.

நம் பிள்ளைகள் தமிழ் படிக்கும்போது சொல்லுக்குச் சொல் ஆங்கில அர்த்தம் எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். கொஞ்சம் பொறுத்து அவர்களையே ஊகிக்க விடலாம். ஊகித்ததை ஊருக்குப் போன் போட்டுக் கேட்கவும் சொல்லலாம், எடுத்துப் பேச அங்கே ஆள் இருக்கும்போதே.

டப்பாவில் இன்னும் பதினேழு கடிதங்கள் இருக்கின்றன. வாரம் ஒன்று என்று கணக்கு.