அரசரோடு போன பிரிட்டானியா

சென்ற வாரம் பார்த்த ‘அமெரிக்கா’ பாய்மரப் படகு ஒரே நாள் பந்தயத்தில் உலகப் புகழ் பெற்றது. இந்த வாரக் கதாநாயகி ‘பிரிட்டானியா’ பெயர் வாங்கியது வேறு வழியில். 1893-ல் தொடங்கி 1935 வரை 635 பந்தயங்கள்; அவற்றில் 231 முதலிடங்கள். தன்னைவிட நாற்பது வயது இளைய படகுகளோடும் அது போட்டியிட்டது.

விக்டோரியா மகாராணியின் மூத்த மகன் எட்வர்ட் இளவரசருக்காக இதை வரைந்தவர், ஸ்காட்லாந்தின் ஜார்ஜ் லெனாக்ஸ் வாட்சன். கிளாஸ்கோவில், கிளைட் நதிக்கரையில் இருந்த ஹெண்டர்சன் தளத்தில் கட்டினார்கள். எஃகுச் சட்டங்களின் மேல் மரப்பலகை. சுமார் 121 அடி நீளம். விரித்தால் 10,000 சதுர அடிக்கு மேல் பாய். பக்கத்திலேயே, ‘அமெரிக்கா’ வென்று கொண்டுபோன அமெரிக்கக் கோப்பையை மீட்டு வருவதற்காக டன்ரேவன் பிரபுவின் ‘வால்கிரி 2’ உருவாகிக்கொண்டிருந்தது. அதற்கும் வாட்சன்தான் வடிவமைப்பாளர்.

படகு நீரில் இறங்கியபோது அதன் அணியத்தைப் பார்த்துப் பலர் முகம் சுளித்தார்கள். கூர்மையாக நீண்ட மூக்குகளையே அழகென்று பார்த்துப் பழகிய கண்களுக்கு, கரண்டியைப் போல வளைந்து மேலேறிய முன்பகுதி உறுத்தியது. வாட்சனின் கணக்கே வேறு. காற்றில் படகு சாயும்போது, நீருக்கு மேலே தொங்கும் அந்த வளைவு நீரைத் தொடும். நீரைத் தொடும் நீளம் கூடக்கூட வேகமும் கூடும். முதல் பருவத்திலேயே 43 பந்தயங்களில் 33 வெற்றி. அதன் பிறகு அழகைப் பற்றி யார் பேசுவார்கள்?

அடுத்த ஆண்டு அமெரிக்காவிலிருந்து ‘விஜிலன்ட்’ வந்தது. நியூயார்க்கில் வால்கிரியைத் தோற்கடித்துக் கோப்பையைக் காத்த படகு அது. 1894 ஜூலை 5-ம் தேதி கிளைட் முகத்துவாரத்தில் பெரிய படகுகள் தொடக்கக் கோட்டை நெருங்கிக்கொண்டிருந்தன. வேடிக்கை பார்க்க வந்த சிறுபடகு ஒன்று ‘சாடனிடா’வின் வழியில் நின்றது. அதன் மேல் மோதாமல் விலகப்போன சாடனிடா, கட்டுப்பாட்டை இழந்து வால்கிரியின் விலாவில் பாய்ந்தது. சில நிமிடங்களில் வால்கிரி நீருக்குள் போய்விட்டது. மாலுமி ஒருவர் உயிரிழந்தார். உடன் கட்டப்பட்ட படகு அப்படி மறைந்தாலும், அந்தப் பருவத்தில் விஜிலன்ட்டுடன் மோதிய 17 பந்தயங்களில் 12-ஐ பிரிட்டானியா வென்றது.

அதை ஓரங்கட்டியது எட்வர்டின் சொந்த அக்காள் மகன். ஜெர்மனியின் கெய்சர் இரண்டாம் வில்ஹெல்ம், அதே வாட்சனிடம் இன்னும் பெரிய ‘மீட்டியர் 2’ படகைக் கட்டச் சொல்லி 1896-ல் களமிறங்கினார். மாமாவுக்கு மனம் விட்டுப்போனது. 1897-ல் பிரிட்டானியாவை விற்றுவிட்டார். கைமாறிக் கைமாறி, பிறகு மீண்டும் அவரிடமே வந்தாலும், பல ஆண்டுகள் அது வெறும் உல்லாசப் படகாகவே கிடந்தது.

அதற்கு மறுபடி உயிர் கொடுத்தவர் எட்வர்டின் மகன், அரசர் ஐந்தாம் ஜார்ஜ். முதல் உலகப் போருக்குப் பிறகு பெரிய படகுப் பந்தயம் ஏறக்குறைய நின்றுபோயிருந்தது. அரசரே களமிறங்கினால் மற்றவர்களும் வருவார்கள் என்று பிரிட்டானியாவைப் பந்தயத்துக்குத் தயாராக்கினார். அவர்களும் வந்தார்கள். சுக்கான் பிலிப் ஹன்லோக் என்பவரிடம். 1931-ல் பெரிய மாற்றம் நடந்தது. பெரிய பாயின் தலையைத் தாங்கிச் சாய்வாக நின்ற பருமலையும், அதற்கும் மேலே கட்டிய குட்டிப் பாயையும் எடுத்துவிட்டு, மிக உயரமான ஒற்றைப் பாய்மரத்தில் முக்கோணப் பாயைப் பொருத்தினார்கள். 38 வயது உடல், புத்தம்புதிய ‘ஜே’ வகுப்புப் படகுகளோடு வரிசையில் நின்றது! ஆனால் ‘வெல்ஷீடா’வும் ‘எண்டெவ’ரும் அந்த வகுப்புக்கென்றே பிறந்தவை. அவற்றுக்கு ஈடுகொடுக்க முடியவில்லை.

1936 ஜனவரி 20-ல் ஜார்ஜ் மறைந்தார். தன் படகும் தன்னோடு போகட்டும் என்பது அவர் விருப்பம். பாய்களையும் தளவாடங்களையும் கழற்றினார்கள். ஜூலை 10 அதிகாலை, வெற்று உடலை வைட் தீவுக்குத் தெற்கே ஆழ்கடலுக்கு இழுத்துப்போய், கடற்படைக் கப்பல்கள் அமேசானும் வின்செஸ்டரும் உடனிருக்க வெடிவைத்து மூழ்கடித்தார்கள்.

பிள்ளைகளுக்குப் பந்தயத்தில் நாட்டமில்லை, பராமரிப்புச் செலவு அதிகம், அரசர் ஆண்ட படகு கண்டவர் கையில் சீரழிய வேண்டாம் என்று காரணங்கள் சொல்லலாம். ஒன்றும் மனதை ஆற்றவில்லை. பிரிட்டானியா ஒரு மனிதருக்கு மட்டும் சொந்தமான பொருளாக இருக்கவில்லை. வாட்சனின் கோடுகளும், கிளைட் தச்சர்களின் உழைப்பும், நாற்பது ஆண்டுகள் அதை ஓட்டிய மாலுமிகளின் கைத்திறனும் சேர்ந்தே கடலுக்குள் போயின. காத்திருந்தால் காப்பாற்றியிருக்க முடியாதா? அதை வென்ற வெல்ஷீடா, ஹாம்பிள் நதிச் சேற்றில் வீட்டுப்படகாகப் பல்லாண்டுகள் கிடந்து மீண்டது. துருப்பிடித்த வெறுங்கூடாகிவிட்ட எண்டெவரை 1984-ல் எலிசபெத் மேயர் என்ற அமெரிக்கப் பெண்மணி வாங்கினார். 1989-ல் அது மறுபடி பாய் விரித்தது. அந்த ஐந்தாண்டுக் கதை அடுத்த வாரம்.