காரணம் எழுதிய நோட்டு

ஜூன் பிறந்தால் எங்கள் பள்ளியில் பிளஸ் ஒன் அட்மிஷன் மேசை போடுவார்கள். கணித முதுகலை ஆசிரியை என்பதால் ஓய்வு பெறும்வரை அந்த மேசையில் எனக்கு எப்போதும் ஒரு நாற்காலி இருந்தது. 1994-ல் வேலையில் சேர்ந்த வருடமே ஒரு நூறு பக்க நோட்டை வாங்கிக் கட்டம் போட்டேன். பெயர், பத்தாம் வகுப்பு மொத்தம், கணக்கு மார்க், கேட்கிற குரூப், ஏன். முதல் நான்கும் பள்ளிப் பதிவேட்டிலேயே இருக்கும். ஐந்தாவதை எந்த அலுவலகமும் என்னிடம் கேட்டதில்லை. எனக்கே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஓய்வு பெற்று மதுரை ஆனையூர் வீட்டுக்கு வந்தபோது பள்ளியிலிருந்து எடுத்துவந்தவை அந்த நோட்டுகள் மட்டும்தான்.

ஃபர்ஸ்ட் குரூப் என்றால் கணக்கு, இயற்பியல், வேதியியல், நான்காவதாக உயிரியல் அல்லது கம்ப்யூட்டர் சயின்ஸ். தமிழ்நாட்டில் பதினைந்து வயதுப் பிள்ளை தானாகத் தலையில் ஏற்றிக்கொள்ளும் பெரிய பாரம் அதுதான். கலப்பெண்கள், வெக்டர், தொகை நுண்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடு; அதோடு உப்புப் பகுப்பாய்வு; அதோடு தாவரவியலும் விலங்கியலும். காலையில் சிறப்பு வகுப்பு, மாலையில் டியூஷன், ஜனவரியிலிருந்து திருப்புதல் தேர்வு. வணிகவியல், பொருளாதாரம் என்று தேர்டு குரூப்பில் நிம்மதியாகப் படித்து நல்ல மார்க் எடுக்கக்கூடிய பிள்ளைகூட இதைத்தான் கேட்கும். ஏன் என்பதுதான் என் ஐந்தாவது கட்டம்.

அதற்கு விடை தேடினால் என் அண்ணனிடமிருந்து தொடங்க வேண்டும்.

அண்ணன் 1974-ல் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தார். அப்போது பள்ளிப் படிப்பு பதினோரு வருடம். உயர்நிலைப் பள்ளியிலேயே கணக்கு இரண்டாகப் பிரியும்: ஜெனரல் மேத்தமடிக்ஸ், காம்போசிட் மேத்தமடிக்ஸ். பாஸானால் போதும் என்பவர்கள் ஜெனரல் எடுப்பார்கள். கல்லூரியில் கணக்கு, அறிவியல் என்று போக நினைப்பவர்கள் காம்போசிட் எடுப்பார்கள். எங்கள் அப்பா ஹார்வி மில்லில் பதிலித் தொழிலாளி. சங்கு ஊதியதும் ஓடிப்போய் வாசலில் நின்றால் அன்றைக்கு ஆள் குறைந்திருந்தால் வேலை, இல்லையென்றால் திரும்ப வேண்டியதுதான். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து அண்ணன் காம்போசிட் எடுத்தார். வாத்தியார் எடுக்கச் சொன்னார், எடுத்தேன் என்பார். நோட்டில் கோடு போட்டு, காம்பஸ் வைத்து, நிரூபணத்தை வரிவரியாக எழுதியிருப்பார். அந்த நோட்டை நான் மனப்பாடமாகவே வைத்திருந்தேன்.

அதற்கடுத்த படி பி.யு.சி. என்ற கல்லூரிப் புகுமுக வகுப்பு. முன்பு இரண்டாண்டு இண்டர்மீடியட் இருந்தது. 1950-களின் நடுவில் அது போய் ஓராண்டு பி.யு.சி. வந்தது. ஓராண்டு என்று பெயர்தான், சேர்க்கையும் தேர்வும் போக வகுப்பு நடப்பது எட்டு மாதம். பதினோரு வருடம் தமிழில் படித்த பையன் கல்லூரிக்குள் போனதும் 'லெட் எக்ஸ் பி' என்று ஆங்கிலத்தில் பாடம் தொடங்கும். எக்ஸ் தெரியும், லெட் தெரியாது. புரிந்துகொள்ளத் தொடங்கும்போது பரீட்சை வந்துவிடும். அண்ணன் இரண்டு பாடத்தில் தவறினார். மறுபடி எழுதப் பணம் கட்டவில்லை. லேத் பட்டறையில் சேர்ந்தார். அவருக்குக் கணக்கு வராமல் போனது என்று யாரும் சொல்லக் கூடாது. அவர் கடைந்த இரும்பில் நூலளவு பிசகு வந்ததில்லை. பள்ளிக்கும் கல்லூரிக்கும் நடுவில் இருந்த அந்த எட்டு மாதப் பள்ளத்தில் எங்களைப் போன்ற எத்தனையோ வீட்டுப் பிள்ளைகள் விழுந்தார்கள்.

அந்தப் பள்ளத்தை மூடியது 1978. கோத்தாரி குழு 1966-ல் சொன்ன பத்து கூட்டல் இரண்டு கூட்டல் மூன்று என்ற முறை அந்த வருடம் தமிழ்நாட்டுக்கு வந்தது. கல்லூரியில் இருந்த பி.யு.சி. போய், பள்ளிக்குள்ளேயே மேல்நிலை என்று இரண்டு வருடம் சேர்ந்தது. 1980-ல் முதல் பிளஸ் டூ பொதுத் தேர்வு. தமிழும் ஆங்கிலமும் இருநூறு இருநூறு, நான்கு பாடங்கள் இருநூறு இருநூறு, மொத்தம் 1200. கல்வி வரலாறு எழுதுகிறவர்கள் இதை ஒரு நிர்வாக மாற்றமாக ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அது அப்படியல்ல. கல்லூரி வாசலுக்குள் ஆங்கிலத்தில் இருந்த நுண்கணிதம், நடந்து போகிற தூரத்துப் பள்ளிக்கூடத்துக்குத் தமிழில் வந்தது. மில் தொழிலாளியின் மகள் அதைத் தொட முடிந்தது.

தொட முடிந்தது என்றாலும் சும்மா கிடைத்துவிடவில்லை. 1982-ல் நான் பத்தாம் வகுப்பு முடித்தபோது ஆனையூர் மதுரையைச் சேர்ந்த ஊரே அல்ல. கண்மாயும் வயலும், நடுவில் வீடுகளும். நகராட்சியாகி, 2011-ல் மாநகராட்சியோடு சேர்ந்ததெல்லாம் பிற்பாடு. வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் மேல்நிலை வந்திருந்தது, தேர்டு குரூப் மட்டும். ஃபர்ஸ்ட் குரூப்புக்கு ஆய்வகம் வேண்டும். கரும்பலகையும் வாத்தியாரும் போதும் என்றிருந்தால் வணிகவியலும் பொருளாதாரமும்தான் முதலில் வரும். பிப்பெட்டும் பியூரெட்டும் வெர்னியரும் நுண்ணோக்கியும் வாங்க வேண்டும், தண்ணீர்க் குழாயோடு ஒரு நீளமான அறை கட்ட வேண்டும் என்றால் அந்தக் குரூப் பல வருடம் தள்ளிப்போகும். பிள்ளைகள் குரூப்பைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று பேசும்போது இந்த அறையை நினைத்துக்கொள்வேன். அறை இல்லாத ஊரில் தேர்வும் இல்லை.

நான் கூடல்நகர் வழியாகத் தத்தனேரி போய், ஆற்றைக் கடந்து சிம்மக்கல் பக்கத்துப் பள்ளியில் சேர்ந்தேன். அப்பத்தா, "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குத்தா இம்புட்டுக் கணக்கு?" என்றார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அண்ணன் தன் காம்போசிட் நோட்டை எடுத்துப் பையில் வைத்தார். என் ஐந்தாவது கட்டத்தில் எழுதுவதென்றால் அதைத்தான் எழுத வேண்டும்.

பிளஸ் டூ முடித்த 1984-ல் தொழிற்படிப்புகளுக்கு நுழைவுத் தேர்வு வந்தது. பிளஸ் டூ மார்க்கை 200-க்குச் சுருக்கி, நுழைவுத் தேர்வு 100 சேர்த்து, 300-க்குக் கட்-ஆஃப். அதே காலத்தில்தான் எம்.ஜி.ஆர். அரசு தனியார் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கொடுத்தது. எனக்கு இடம் கிடைக்கவில்லை. பி.எஸ்சி. கணிதம் சேர்ந்தேன், டீச்சரானேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

இனி நோட்டுக்கு வருகிறேன். முதல் சில வருடங்களில் ஐந்தாவது கட்டத்தில் அதிகம் இருப்பது "ரெண்டு பக்கமும் போகலாம்" என்ற பதில். கணக்கோடு உயிரியலும் எடுத்தால் இன்ஜினியருக்கும் போகலாம், டாக்டருக்கும் போகலாம். இரண்டும் இல்லையென்றால் பி.எஸ்சி., அதுவும் இல்லையென்றால் பி.காம்.கூடச் சேரலாம். தேர்டு குரூப் எடுத்துவிட்டு இந்தப் பக்கம் திரும்ப முடியாது. பிள்ளைகளுக்குப் பதினைந்து வயதில் என்ன ஆகப் போகிறோம் என்று தெரியாது. தெரியாததில் குற்றம் எதுவும் இல்லை. இன்னும் இரண்டு வருடம் முடிவெடுக்காமல் இருக்க ஒரு விலை உண்டு; ராத்திரி பதினொரு மணி வரை கண் விழிப்பதுதான் அந்த விலை. வசதியான வீட்டுப் பிள்ளைக்குக் கதவு அடைத்தாலும் பணம் கட்டி வேறு கதவைத் திறக்கலாம். பூக்கட்டுகிறவர், கொத்தனார், லோடுமேன் வீட்டுப் பிள்ளைக்கு எல்லாக் கதவையும் திறந்து வைத்திருக்கத் தெரிந்த ஒரே வழி இந்தக் குரூப்.

போட்டியாக இருந்தது பாலிடெக்னிக். பத்து முடித்து மூன்று வருடத்தில் டிப்ளமோ, கையில் வேலை. வீட்டில் அடுத்து இரண்டு தங்கைகள் இருக்கிற பையன்கள் அந்தப் பக்கம் போனார்கள். அவர்கள் என் நோட்டில் இல்லை, மனதில் இருக்கிறார்கள்.

1990-களின் கடைசியில் "கம்ப்யூட்டர்" என்ற சொல் கட்டங்களை நிறைக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு 1997-ல் வந்திருந்தது. அதற்குமுன் விண்ணப்பத்தை ஒவ்வொரு வாசலாகத் தூக்கிக்கொண்டு போக வேண்டும், யாரைத் தெரியும் என்று கேட்பார்கள். இப்போது திரையில் இடம் தெரிந்தது, தரவரிசைப்படி பெயரைக் கூப்பிட்டார்கள். ஒரு தகப்பனார் என்னிடம், "அங்க யாரும் யாரு பிள்ளைன்னு கேக்கல டீச்சர், நம்பரத்தான் கேட்டாங்க" என்று சொல்லி அழுதார். கடினமான பாடத்தை இந்த மக்கள் ஏன் நம்பினார்கள் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் நான் கேட்டதில்லை.

2007-ல் நுழைவுத் தேர்வு ரத்தானது. இனி பிளஸ் டூ மார்க்தான் எல்லாம். கணக்கு 100, இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பது என்று 200-க்குக் கட்-ஆஃப். கோச்சிங் போக முடியாத பிள்ளைக்கு அது பெரிய விடுதலை. ஆனால் இன்னொரு பக்கம் ஒரு நோய் முற்றியது. சில தனியார் விடுதிப் பள்ளிகளில் பிளஸ் ஒன் பாடத்தை அப்படியே விட்டுவிட்டு, இரண்டு வருடமும் பிளஸ் டூ புத்தகத்தையே உருப்போட வைத்தார்கள். கணக்கில் ஒரு மார்க் கேள்வி நாற்பது, ஆறு மார்க் பத்து, பத்து மார்க் பத்து. எந்தப் பாடத்திலிருந்து எத்தனை வரும் என்று தெரிந்துகொண்டால் திரிகோணமிதி தெரியாமலே சென்டம் வாங்கலாம். அப்படி வாங்கிய பிள்ளைகள் இன்ஜினியரிங் முதல் செமஸ்டரில் அரியர் வைத்தார்கள். 2017-18-ல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத் தேர்வு கொண்டுவந்து, 1200-ஐ 600 ஆக்கியது இதனால்தான்.

2010-லிருந்து முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணத்தை அரசு ஏற்றது. ஐந்தாவது கட்டத்தில் "எங்க வீட்ல யாரும் காலேஜ் போகல" என்பது அதுவரை தயக்கமாக வந்த பதில். அதன்பிறகு தலை நிமிர்ந்து வந்தது.

2017-க்கான பக்கங்களைத் திருப்பும்போது கை நிற்கும். அரியலூர் மாவட்டத்துக் குழுமூர் அனிதா 1200-க்கு 1176. மருத்துவக் கட்-ஆஃப் 196.75, பொறியியல் கட்-ஆஃப் 199.75. இரண்டு எண்களையும் சேர்த்துப் படியுங்கள். ரெண்டு பக்கமும் போகலாம் என்று நம்பி உயிரியலையும் கணக்கையும் ஒன்றாகச் சுமந்த பிள்ளை அவள். அந்த வருடம் மருத்துவத்துக்கு நீட் நுழைவுத் தேர்வு வந்து அந்த மார்க் செல்லாமல் போனது; செப்டம்பர் 1-ந் தேதி அவள் இறந்துபோனாள். அடுத்த ஜூனில் என் நோட்டில் டாக்டர் என்று சொன்னவர்கள் இரண்டே பேர். 2020-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டுச் சட்டம் வந்து, அந்த ஒரே வருடத்தில் மருத்துவமும் பல் மருத்துவமும் சேர்த்து முன்னூறுக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்த பிறகுதான் அந்தச் சொல் மெல்லத் திரும்பியது.

ஆனையூரைப் பற்றி எழுதிவிட்டு முகாமைச் சொல்லாமல் இருக்க முடியாது. எங்கள் ஊரில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. 1983-க்குப் பிறகு அலை அலையாகக் கடல் கடந்து வந்தவர்களின் குடும்பங்கள். அட்மிஷன் மேசைக்கு வரும் முகாம் அம்மாக்களுக்கு இந்தக் குரூப்பைப் பற்றி நான் எதுவும் விளக்க வேண்டியதில்லை. "ஏ.எல்.ல நான் மேத்ஸ் படிச்சனான் டீச்சர்" என்று ஒருவர் சொன்னார். இலங்கையில் ஏ.எல். என்னும் உயர்தரத்தில் கணிதப் பிரிவு, உயிரியல் பிரிவு என்பது எங்கள் ஃபர்ஸ்ட் குரூப்பைவிடப் பெரிய ஓட்டம். 1970-களில் தரப்படுத்தல் வந்து, தமிழ்ப் பிள்ளைகள் பல்கலைக்கழகம் போக மற்றவர்களைவிட அதிக மார்க் எடுக்க வேண்டியதாயிற்று. அவருடைய அண்ணனுக்குக் கம்பஸ், அதாவது பல்கலைக்கழக இடம், கிடைக்காமல் போனது அப்படித்தான். ஒரு கட்-ஆஃப் எண் ஒரு நாட்டையே எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை அந்த அம்மா எங்கள் அட்மிஷன் மேசை முன்னால் நின்று சொன்னார்.

அவருடைய மகள் 2009-ல் என்னிடம் ஃபர்ஸ்ட் குரூப் கேட்டாள். கணக்கில் 98. முகாம் பிள்ளைகளுக்கு எம்.ஜி.ஆர். காலத்தில் தொழிற்படிப்புகளில் இடம் ஒதுக்கியிருந்தார்கள். 1991-க்குப் பிறகு அந்த வழி அடைபட்டது, பிறகு கொஞ்சம் திறந்து, மறுபடி சிக்கலானது. குடியுரிமை இல்லாததால் மருத்துவம் கிட்டத்தட்ட நடக்காத காரியம். என் மனச்சாட்சிக்கு அதைச் சொல்லாமல் விட முடியவில்லை. "ஏம்மா, இவ்வளவு கஷ்டப்பட்டுப் படிச்சாலும் நீ நினைக்கிற இடத்துக்கு விடமாட்டாங்களே, தெரியும்ல?" என்றேன்.

"தெரியும் டீச்சர்."

"அப்புறம் ஏம்மா?"

"எனக்குக் கணக்குப் பிடிக்கும்."

அந்த வருடப் பக்கங்களில் அப்படி ஒரு பதில் அது ஒன்றுதான். அவள் பி.எஸ்சி. கணிதம் முடித்தாள். முகாமுக்குள்ளேயே பத்தடிக்குப் பத்தடி வீட்டின் முன்னால் ஒரு பலகை மாட்டி, பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினாள். அண்ணனின் காம்போசிட் நோட்டிலிருந்து சில நிரூபணங்களைப் படி எடுத்துக் கொடுத்திருக்கிறேன். இன்னும் வைத்திருக்கிறாள்.

2021 ஆகஸ்டில் முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றிய அரசு, கலந்தாய்வில் முன்னணியில் வரும் ஐம்பது முகாம் பிள்ளைகளுக்குப் பொறியியல் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் ஏற்பதாக அறிவித்தது. அதற்கடுத்த ஜூனில் முகாமிலிருந்து ஒரு பையன் வந்தான். கணக்கில் 91. ஃபர்ஸ்ட் குரூப், பயாலஜி வேண்டாம், கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டும் என்றான். ஐந்தாவது கட்டத்துக்காக ஏன் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "டியூஷன் அக்கா எடுக்கச் சொன்னாங்க, எடுக்கறேன்" என்றான். அப்படியே எழுதிக்கொண்டேன்.