டிமோக் குடும்பம்

இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியான லிங்கன்ஷயரில், ஹார்ன்காசில் என்ற சந்தை ஊருக்குத் தெற்கே உள்ள ஸ்கிரிவல்ஸ்பி பண்ணையின் பரம்பரை உடைமையாளர்கள். முடிசூட்டு நாளில் அரசரின் உரிமையை மறுப்பவர் எவரோடும் போரிடத் தயாராக நிற்பது இந்த நிலத்துக்குரிய கடமை. அதனால் குடும்பத் தலைவருக்கு 'அரசரின் வீரர்' என்ற பட்டம் உண்டு.

1086இல் எடுக்கப்பட்ட டூம்ஸ்டே கணக்கில் ஸ்கிரிவல்ஸ்பி ராபர்ட் டிஸ்பென்சர் என்ற நார்மானியரின் பெயரில் இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் அது மார்மியன் குடும்பத்தின் கையில். நார்மண்டியில் ஃபொந்தனேயும் இங்கிலாந்தில் டாம்வொர்த் கோட்டையும் இவர்களுடையவை. மார்மியன்கள் நார்மண்டிப் பிரபுக்களுக்கே பரம்பரைப் போர்வீரர்களாக இருந்தார்கள் என்பது பிற்காலத்தார் விரும்பிச் சொன்ன கதை. அதை அப்படியே ஏற்க முடியாது. ஸ்டீபன் மன்னர் காலத்து உள்நாட்டுப் போரில், 1144இல், ராபர்ட் மார்மியன் கோவென்ட்ரியில் தாம் வெட்டச் சொன்ன அகழியிலேயே விழுந்து கொல்லப்பட்டார்.

மூல மரபின் கடைசி ஆண் பிலிப் மார்மியன். அவர் 1291இல் இறந்தபோது மகள்கள் மட்டுமே இருந்தார்கள். ஆண் வாரிசு இருந்தால் மூத்தவனுக்கே முழு நிலம். பெண்கள் மட்டும் இருந்தால் எல்லாருக்கும் பங்கு என்பது அன்றைய ஆங்கிலச் சட்டம். டாம்வொர்த் கோட்டை மூத்த தாரத்து மகள் ஒருத்தியின் வழியாக ஃபிரெவில் குடும்பத்துக்குப் போனது. இளைய தாரத்து மகள் ஜோனுக்குக் கிடைத்தது ஸ்கிரிவல்ஸ்பி. அவரது கணவர் தாமஸ் லட்லோ. அவர்களுடைய பேத்தி மார்கரெட்டை மணந்தவர் சர் ஜான் டிமோக்.

நிலத்தைப் பங்கு போடலாம். முடிசூட்டு நாளில் ஒரு குதிரைமேல் ஒருவர்தான் வர முடியும். 1377இல் இரண்டாம் ரிச்சர்ட் முடிசூடும் முன், டாம்வொர்த்தைக் காட்டி பால்ட்வின் ஃபிரெவிலும் ஸ்கிரிவல்ஸ்பியைக் காட்டி மனைவியின் உரிமையில் ஜான் டிமோக்கும் இந்தப் பணியைக் கேட்டார்கள். விசாரித்தவர் அரசரின் சிற்றப்பா ஜான் ஆஃப் கான்ட். தீர்ப்பு டிமோக் பக்கம். மூத்த தாரத்து வழி, பெரிய கோட்டை ஆகிய இரண்டுமே ஃபிரெவிலுக்கு உதவவில்லை. கடமை ஒட்டியிருந்தது ரத்தத்தோடு அல்ல, குறிப்பிட்ட ஒரு மண்ணோடு. 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே, நில உடைமையாளர் இறந்ததும் அரசு நடத்தும் விசாரணைப் பதிவொன்று ஸ்கிரிவல்ஸ்பியை இந்தக் கடமையோடு சேர்த்துச் சொல்கிறது.

அக்காலத்துச் சாதாரணப் போர்வீர மானியத்தில் உடைமையாளர் படைக்கு ஆள் தரவேண்டும், அல்லது பதிலுக்குப் பணம் கட்டவேண்டும். ஸ்கிரிவல்ஸ்பி வேறு வகை: அரசருக்கு நேரில் செய்யும் ஊழியத்துக்கான மானியம். கௌரவம் கூடுதல் என்றாலும் பிடி தளரவில்லை. வாரிசு சிறுவனானால் நிலமும் அவன் திருமணமும் அரசர் வசம். அனுமதியின்றி நிலத்தை விற்கவும் முடியாது. பணிக்குக் கூலி, மூடியுள்ள தங்கக் கிண்ணமும், அரச லாயத்தில் இரண்டாவது சிறந்த குதிரையும், இரண்டாவது சிறந்த கவசமும். முதல் தரம் அரசருக்கே.

விருந்து நடக்கும் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்துக்குள் முழுக் கவசத்தோடு குதிரையில் வந்து, மூன்று முறை அறைகூவி இரும்புக் கையுறையை எறிவது அன்றைய வழக்கம். எவரும் அதை எடுத்துச் சண்டையிட்டதில்லை. ஆனால் அரசர்களோடு உண்மையான மோதல் உண்டு: 1470 லிங்கன்ஷயர் கலகத்தில் சர் தாமஸ் டிமோக்கின் தலையை நான்காம் எட்வர்ட் வாங்கினார். 13 ஆண்டுகள் கழித்து, அதே எட்வர்டின் தம்பி மூன்றாம் ரிச்சர்ட் முடிசூடியபோது கையுறை எறிந்தவர் தாமஸின் மகன் ராபர்ட். ஏழாம், எட்டாம் ஹென்றிகளுக்கும் அவரேதான்.

1660 சட்டம் போர்வீர மானியங்களை ஒழித்தது. முடிசூட்டுக் கௌரவப் பணிகளை மட்டும் விட்டுவைத்தது. கடைசிச் சவாரி 1821இல், நான்காம் ஜார்ஜுக்காக. அப்போதைய டிமோக் பாதிரியார் என்பதால் மகன் ஹென்றி வந்தார். கூட்டத்துக்கு மிரளாத குதிரை வேண்டுமென்று ஆஸ்ட்லி சர்க்கஸிலிருந்து ஒன்றை வாடகைக்குப் பிடித்தார்கள். 1831இல் நான்காம் வில்லியம் செலவைக் குறைக்க விருந்தையே கைவிட, சவாரியும் நின்றது. மார்மியன் பெயர் கவிதையிலும் உண்டு: 1808இல் வால்டர் ஸ்காட் எழுதிய 'மார்மியன்' கவிதையின் நாயகன் 1513இல் ஃபிளாடன் போரில் மடிகிறான். மூல மரபு அற்றுப்போய் அப்போது 200 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

1902 முதல் குடும்பத்தின் பணி முடிசூட்டு விழாவில் கொடி ஏந்துவது. 2023இல் மூன்றாம் சார்லஸின் விழாவில் அரச கொடியைத் தாங்கி வந்தவரும் ஸ்கிரிவல்ஸ்பியின் டிமோக்தான்.