ஒரு பொருளாளரின் தோல் அட்டைகள்

பி.காம். படிக்கிறவனுக்குப் பழம்புத்தகத்தில் என்ன வேலை என்று வகுப்பில் கேட்பார்கள். இதுவும் ஒரு பொருளாளர் கதைதான், பொறுங்கள்.

அவர் பெயர் ழான் குரோலியே. பிரெஞ்சு அரசர்களின் நிதி அதிகாரி. மிலான் பிரான்சின் கையில் இருந்தபோது அங்கே பொருளாளராக இருந்தார். இத்தாலியில் அவருக்குப் பிடித்த பித்து, வெனிஸில் ஆல்டஸ் மனூட்டியஸ் தொடங்கிய அச்சகத்தின் புத்தகங்கள்.

ஆல்டஸ் செய்தது சின்ன காரியம் இல்லை. 1495 முதல் 1498 வரை அரிஸ்டாட்டிலைக் கிரேக்க மூலத்திலேயே ஐந்து பெரிய தொகுதிகளாக அச்சிட்டார். 1501-இல் வெர்ஜிலை உரை எதுவும் சேர்க்காமல், கைக்கு அடக்கமாக, சாய்வெழுத்தில் கொண்டுவந்தார. நாம் கணினியில் தட்டுகிற 'இட்டாலிக்' அச்சேறியது அங்கேதான். (எழுத்தை வெட்டிய பிரான்செஸ்கோ கிரிஃபோவை யாரும் நினைப்பதில்லை, பாவம்.)

அப்போது புத்தகங்கள் பெரும்பாலும் அட்டை இல்லாமலே விலைக்கு வரும். பைண்டிங் வாங்கியவர் பொறுப்பு. குரோலியே கன்றுத்தோலிலும் ஆட்டுத்தோலிலும் போடச் சொன்னார். தங்க ரேக்கை வைத்து, சூடாக்கிய பித்தளை அச்சால் அழுத்திப் பின்னல் கோலம் பதிப்பார்கள். இஸ்லாமிய நாடுகளிலிருந்து இத்தாலி வழியாக வந்த வித்தை இது. அட்டையில் லத்தீனில் ஒரு வரியும் இருக்கும்: குரோலியேவுக்கும் அவர் நண்பர்களுக்கும் உரியது. ஒரே பதிப்பில் பல பிரதிகள்கூட வைத்திருந்தார். நான் இரவல் கொடுத்துத் திரும்பாத புத்தகங்களை நினைத்துக்கொண்டேன் :-)

ரோமானிய நாணயங்கள் பற்றி கிய்யோம் புதே எழுதிய நூல் 1522-இல் ஆல்டஸ் அச்சகத்தில் வெளிவந்ததற்கும் இவர் ஆதரவே காரணம். காமர்ஸ் புத்தி எங்கே போகும்!

1565-இல் அவர் இறந்தார். நூலகம் பிறகு சிதறியது. இன்று சில நூறு புத்தகங்கள் மட்டும் பல நாட்டு நூலகங்களில் இருக்கின்றன.

எனக்கு உறுத்துவது வேறு. 18, 19-ஆம் நூற்றாண்டுகளின் பணக்கார ஆங்கிலேயர்கள் ஆரம்பகால அச்சு நூல்களைப் போட்டி போட்டு வாங்கினார்கள். வாங்கியதும் பழைய அட்டையைப் பிய்த்தெறிந்து, பளபளக்கும் புது ஆட்டுத்தோல் போட்டார்கள். ஓரங்களையும் வெட்டினார்கள். இப்படிச் செய்தவர்களில் ஸ்பென்சர் பிரபுவும் ஒருவர். அவருடைய நூலகத்தை 1892-இல் என்ரிக்கெட்டா ரைலண்ட்ஸ் வாங்கினார், இப்போது மான்செஸ்டரில் இருக்கிறது. புத்தகம் பிழைத்தது, சரி. ஆனால் முதலில் வாங்கியவன் யார், ஓரத்தில் என்ன கிறுக்கினான் என்பதெல்லாம் போயிற்று. கணக்குப் புத்தகத்தின் பழைய பக்கங்களைக் கிழித்துவிட்டு அழகாகப் புது அட்டை போடுவது மாதிரி.

குரோலியேவின் அட்டைகள் பல தப்பித்ததற்குக் காரணம் அவற்றின் தங்கக் கோலம். ஏதோ ஒரு மாணவன் போட்டிருந்த சாதாரணக் கன்றுத்தோல் அட்டைக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை.