வட அமெரிக்க வீடியோ கேம் சந்தை: 1983 சரிவும் மீட்சியும்

டிவியில் இணைத்து விளையாடும் வீடியோ கேம் கருவிகளின் வணிகம் வட அமெரிக்காவில் 1983-இல் நொடித்தது. உச்சத்தில் ஆண்டுக்குச் சுமார் 320 கோடி டாலராக இருந்த விற்பனை 1985-க்குள் 10 கோடி டாலர் அளவுக்கு இறங்கிவிட்டது. ஜப்பானின் கியோட்டோ நகரைச் சேர்ந்த நிண்டெண்டோ நிறுவனம் 1985 அக்டோபரில் நியூயார்க்கில் இறக்கிய என்.இ.எஸ். கருவிதான் இந்த வணிகத்துக்கு மறுபடி உயிர் கொடுத்தது. மரியோ என்ற மீசைக்காரக் குழாய்ப் பணியாளர்தான் மீட்டுத் தந்தார் என்று பொதுவாகச் சொல்வார்கள். விளையாட்டின் தரமும் ஒரு காரணம்தான். ஆனால் சூடுபட்ட கடைக்காரர்களை மறுபடி சரக்கு எடுக்க வைத்ததும், யார் எத்தனை விளையாட்டு வெளியிடலாம் என்பதை நிண்டெண்டோ தன் கைக்குள் வைத்துக்கொண்டதும்தான் மீட்சிக்கு அடித்தளம்.

முன்கதை

வீட்டுக் கருவிகளில் முதலாவது, ரால்ஃப் பேயர் உருவாக்கிய மேக்னவாக்ஸ் ஆடிஸி. 1972-இல் விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டு நோலன் புஷ்னெலும் டெட் டாப்னியும் தொடங்கிய அட்டாரி நிறுவனம், பாங் என்ற பந்தாட்டத்தை முதலில் காசு போட்டு ஆடும் பெட்டியாகவும், 1975-இல் வீட்டுக் கருவியாகவும் விற்றது. அந்தக் கருவிக்குள் இருக்கும் விளையாட்டைத்தான் ஆட முடியும். புதிதாக ஒன்று வேண்டுமென்றால் புதுக் கருவி வாங்க வேண்டும். நினைவகச் சிப் கொண்ட கார்ட்ரிட்ஜை மாற்றி மாற்றிச் செருகும் முறை 1976-இல் ஃபேர்சைல்டு நிறுவனத்தின் சேனல் எஃப் கருவியுடன் வந்தது. மறு ஆண்டு வந்த அட்டாரி 2600 அந்த முறையை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. இடையில் 1976-இல் வார்னர் கம்யூனிகேஷன்ஸ் அட்டாரியைச் சுமார் 2.8 கோடி டாலருக்கு வாங்கியிருந்தது. காசுப் பெட்டிகளில் பெரும் வரவேற்புப் பெற்ற ஸ்பேஸ் இன்வேடர்ஸ் 1980-இல் கார்ட்ரிட்ஜாக வந்ததும், அதை ஆடுவதற்காகவே மக்கள் கருவியை வாங்கினார்கள்.

அட்டாரியின் வருமானம் கருவியைவிட கார்ட்ரிட்ஜில்தான் இருந்தது. அதை எழுதிய நிரலாளர்களுக்கோ பெட்டியில் பெயரும் கிடையாது, விற்பனையில் பங்கும் கிடையாது. மனம் வெறுத்து வெளியேறிய டேவிட் கிரேன், ஆலன் மில்லர், பாப் வைட்ஹெட், லாரி கேப்லன் ஆகிய நால்வரும் ஜிம் லெவி என்ற நிர்வாகியுடன் சேர்ந்து 1979-இல் ஆக்டிவிஷன் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அட்டாரி வழக்குப் போட்டது. 1982-இல் அது சமரசத்தில் முடிந்தது: உரிமத்தொகை கட்டிவிட்டு வெளியார் விளையாட்டு வெளியிடலாம் என்றானது. அதற்குப் பிறகு வந்தவர்களை எண்ணி முடியவில்லை. காலை உணவு விற்கும் குவேக்கர் ஓட்ஸ் நிறுவனம்கூட ஒரு விளையாட்டுப் பிரிவை நடத்தியது. ரால்ஸ்டன் பியூரினா தன் நாய்த்தீனிக்கு விளம்பரமாக ஒரு கார்ட்ரிட்ஜை வெளியிட்டது. அட்டாரி 2600-இல் தடை ஏதும் கிடையாது. யார் செய்த கார்ட்ரிட்ஜைச் செருகினாலும் ஓடும்.

சரிவு

1982 மார்ச்சில் வெளிவந்த பேக்-மேன் கார்ட்ரிட்ஜை அட்டாரி 1.2 கோடி அளவுக்குத் தயாரித்ததாகச் சொல்லப்படுகிறது. புழக்கத்தில் இருந்த கருவிகளின் எண்ணிக்கையைவிட இது அதிகம். விற்றது 70 லட்சத்துக்குச் சற்று மேல். அந்தக் காலத்தில் அது பெரிய விற்பனைதான்; ஆனால் மங்கி மங்கி ஒளிரும் பேய்களையும் காசுப் பெட்டியின் சாயலே இல்லாத படத்தையும் பார்த்து, வாங்கியவர்கள் ஏமாந்துபோனார்கள். அதே ஆண்டு கிறிஸ்துமஸுக்கு ஸ்பீல்பெர்க்கின் ஈ.டி. படத்தை விளையாட்டாக்கும் உரிமையை அட்டாரி 2 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியதாகக் கூறப்படுகிறது. ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா அதை எழுதி முடிக்க ஐந்து வாரங்கள்தான் கிடைத்தன. வழக்கமாக ஒரு விளையாட்டுக்குப் பல மாதங்கள் ஆகும். சுமார் 40 லட்சம் தயாரித்ததில் பெரும்பகுதி விற்காமல் தேங்கியது.

வரலாற்றிலேயே மோசமான விளையாட்டு என்று ஈ.டி.யின் தலையில் எல்லாப் பழியையும் போடுவது வழக்கமாகிவிட்டது. அது நியாயமில்லை. உண்மையான சேதம் கடைகளில் நடந்தது. விற்காத சரக்கைத் திருப்பி அனுப்பலாம் என்ற ஏற்பாட்டை நம்பித்தான் கடைக்காரர்கள் வாங்கிக் குவித்தார்கள். திருப்பி அனுப்பியபோது பல சிறு நிறுவனங்களிடம் கொடுக்கப் பணமும் இல்லை, மாற்றாகத் தரப் புதுச் சரக்கும் இல்லை. சில நிறுவனங்கள் இழுத்து மூடப்பட்டிருந்தன. 35 டாலர் கார்ட்ரிட்ஜ்கள் தள்ளுபடித் தொட்டியில் 5 டாலருக்குக் குவிந்தன. 5 டாலருக்கு ஒன்று கிடைக்கும்போது நல்ல விளையாட்டையும் முழு விலைக்கு யார் வாங்குவார்கள்? தரமாகச் செய்தவர்களும் இதில் அடிபட்டார்கள்.

1982 டிசம்பர் 7 அன்று, எதிர்பார்த்த லாபம் வராது என்று வார்னர் அறிவித்தது. மறுநாளே அதன் பங்கு மூன்றில் ஒரு பங்கு விழுந்தது. 1983-இல் அட்டாரியின் இழப்பு 50 கோடி டாலரைத் தாண்டியது. அந்த ஆண்டு செப்டம்பரில் விற்காத சரக்கை லாரிகளில் ஏற்றி நியூ மெக்சிகோவின் அலமொகோர்டோ நகரக் குப்பைக் கிடங்கில் புதைத்தார்கள். வெறும் கட்டுக்கதை என்று பலர் நினைத்திருந்த இந்தச் செய்தி 2014 ஏப்ரலில் அகழ்ந்து பார்த்தபோது உறுதியானது. சுமார் 1,300 கார்ட்ரிட்ஜ்கள் வெளியே வந்தன, அவற்றில் ஈ.டி. ஒரு பகுதி மட்டுமே.

வீட்டுக் கணினிகளின் விலைப்போரும் சேர்ந்துகொண்டது. 1982-இல் 595 டாலருக்கு வந்த கமடோர் 64, மறு ஆண்டே 200 டாலர் அளவுக்கு இறங்கியது. கணினி வாங்கினால் பிள்ளைகள் படிக்கவும் செய்வார்கள், விளையாடவும் செய்வார்கள் என்று பெற்றோர் கணக்குப் போட்டார்கள். 1984-இல் அட்டாரியின் போட்டி நிறுவனமான மேட்டல் தன் மின்னணு விளையாட்டுப் பிரிவை மூடியது. அதே ஆண்டு ஜூலையில் வார்னர் அட்டாரியின் வீட்டுப்பொருள் பிரிவை, கமடோரை நிறுவிய ஜாக் டிராமியலிடம் விற்றுக் கை கழுவியது. 1985-இல் மற்றொரு போட்டி நிறுவனமான கொலிகோவும் இந்த வணிகத்திலிருந்து விலகியது. ஐரோப்பாவில் கணினிகளே விளையாட்டுக் கருவிகளாக இருந்ததால் இந்தச் சரிவு அங்கே பெரிதாகத் தெரியவில்லை.

கியோட்டோவிலிருந்து

1889-இல் ஹனஃபுடா சீட்டுக்கட்டு செய்யத் தொடங்கிய குடும்ப நிறுவனம் நிண்டெண்டோ. நிறுவனரின் கொள்ளுப்பேரன் ஹிரோஷி யமவுச்சி 1949 முதல் 2002 வரை அதன் தலைவராக இருந்தார். அமெரிக்கச் சந்தை சரிந்துகொண்டிருந்த 1983 ஜூலை 15 அன்று, மசயுகி உவெமுரா வடிவமைத்த ஃபேமிகாம் கருவி ஜப்பானில் 14,800 யென்னுக்கு விற்பனைக்கு வந்தது. முதலில் வந்த கருவிகளில் சிப் பழுதாகி விளையாட்டு பாதியில் உறைந்தது. யமவுச்சி மொத்தத்தையும் திரும்பப் பெற்று, சரிசெய்து அனுப்பச் சொன்னார். அந்தச் செலவு வீண்போகவில்லை. 1984 முடிவதற்குள் ஜப்பானில் ஃபேமிகாம் முதலிடத்துக்கு வந்துவிட்டது.

இதை ஜப்பானுக்கு வெளியே அட்டாரியே விற்கட்டும் என்று 1983-இல் ஒரு பேச்சு நடந்தது. அட்டாரி தலைவர் ரே கஸ்ஸாரின் பதவி விலகலும் நிறுவனத்தின் பண நெருக்கடியும் சேர்ந்து அதை முறித்தன. அந்த ஒப்பந்தம் நடந்திருந்தால் சரிந்த கம்பெனியின் கிடங்கில் ஃபேமிகாமும் முடங்கியிருக்கலாம்.

நியூயார்க் சோதனை

நிண்டெண்டோவின் அமெரிக்கக் கிளையை யமவுச்சியின் மருமகன் மினோரு அரகாவா நடத்திவந்தார். கம்பியில்லாக் கைப்பிடிகளும் விசைப்பலகையும் கேசட் பதிவுக்கருவியும் கொண்ட, கணினி போன்ற ஒரு ஃபேமிகாம் வடிவத்தை அவர்கள் முதலில் வணிகக் கண்காட்சியில் வைத்தார்கள். யாரும் சீந்தவில்லை. வீடியோ கேம் என்ற பேச்சை எடுத்தாலே கடைக்காரர்கள் கதவைச் சாத்தினார்கள்.

ஆகவே தோற்றத்தை மாற்றினார்கள். லான்ஸ் பார் வரைந்த சாம்பல்நிறப் பெட்டி, அன்று வீடுகளில் மதிப்போடு இருந்த விசிஆர் போலத் தெரிந்தது; கார்ட்ரிட்ஜை மேலே செருகாமல் முன்பக்கம் உள்ளே தள்ளி அழுத்த வேண்டும். வீடியோ கேம் என்ற சொல்லையே விலக்கி, பொழுதுபோக்குக் கருவி என்ற பொருளில் என்.இ.எஸ். (நிண்டெண்டோ என்டர்டெயின்மென்ட் சிஸ்டம்) என்று பெயர் வைத்தார்கள். கூடவே குன்பெய் யோகோய் வடிவமைத்த ராப் என்ற குட்டி ரோபோவும் ஒளித்துப்பாக்கியும் வந்தன. ராபுடன் ஆட மொத்தம் இரண்டே விளையாட்டுகள் வெளிவந்தன, அவையும் மந்தமானவை. ஆனால் பொம்மைப் பிரிவில் நுழைய அந்த ரோபோ போதுமானதாக இருந்தது. நுழைந்த பிறகு நிண்டெண்டோ அதைச் சத்தமில்லாமல் கைவிட்டது.

1985 இலையுதிர் காலத்தில் அரகாவா தன் ஊழியர்களை நியூ ஜெர்சியின் ஹாக்கென்சாக்கில் ஒரு கிடங்குக்கு இடம் மாற்றினார். அவர்கள் நியூயார்க் வட்டாரக் கடைகளில் ஏறி இறங்கினார்கள்; காட்சி அமைப்பைத் தாங்களே கட்டிக்கொடுத்தார்கள். கடைக்காரர்களிடம் வைத்த பேச்சு எளிமையானது: முதல் 90 நாட்களுக்குப் பணம் தர வேண்டாம், விற்காததை நாங்களே திரும்ப எடுத்துக்கொள்கிறோம். முன்பும் திருப்பி எடுப்பதாகச் சொன்னவர்கள் உண்டு. அவர்களிடம் பணம் இல்லாமல் போனது. நிண்டெண்டோவிடம் ஜப்பானிய லாபம் இருந்தது. நஷ்டம் முழுவதையும் உற்பத்தியாளரே சுமக்கும்போது கடைக்காரர் மறுக்க வழியில்லை. சுமார் 500 கடைகள் ஒத்துக்கொண்டன. அந்தப் பண்டிகைக் காலத்தில் 50,000 அளவுக்குக் கருவிகள் விற்றன. இது பிரமாதமான எண்ணிக்கை அல்ல. ஆனால் இன்னொரு நகரத்தில் முயன்று பார்க்கப் போதும். 1986 தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலஸ், பிறகு வேறு சில நகரங்கள், இலையுதிர் காலத்தில் நாடு முழுவதும் என்று படிப்படியாகப் போனார்கள். ஷிகெரு மியாமோட்டோவும் டகாஷி டெசுகாவும் வடிவமைத்து, 1985 செப்டம்பர் 13 அன்று ஜப்பானில் வெளிவந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் பின்னர் கருவியோடு சேர்த்தே விற்கப்பட்டது. உலகம் முழுவதும் அது 4 கோடிக்கு மேல் விற்றது.

பூட்டுச் சிப்பும் உரிமமும்

ஃபேமிகாமில் பூட்டு இல்லை. அமெரிக்கக் கருவிக்கு நிண்டெண்டோ பூட்டுப் போட்டது. கருவிக்குள் ஒரு சிறு சிப், ஒவ்வொரு கார்ட்ரிட்ஜுக்குள்ளும் அதே வகைச் சிப். மின்சாரம் வந்ததும் இரண்டும் ஒரே நிரலை ஓட்டி, ஒரே வரிசையில் சமிக்ஞைகளைப் பரிமாறிக்கொள்ளும். இரண்டும் ஒத்துப்போனால் விளையாட்டு ஓடும். ஒத்துப்போகாவிட்டால் கருவியில் உள்ள சிப் மையச் செயலியை நொடிக்கு ஒருமுறை மீண்டும் தொடக்கத்துக்கே தள்ளும்; திரை விட்டு விட்டு மின்னும். முன்பக்கச் செருகியின் முனைகள் தேய்ந்து தொடர்பு சரியாகக் கிடைக்காதபோதும் இதே மின்னல்தான். அமெரிக்கப் பிள்ளைகள் கார்ட்ரிட்ஜை வாயால் ஊதி ஊதிச் செருகியதற்குப் பாதிக் காரணம் இந்தப் பூட்டு.

பூட்டு இருந்ததால் உரிம நிபந்தனைகளுக்குப் பல் முளைத்தது. ஒரு நிறுவனம் ஆண்டுக்கு ஐந்து விளையாட்டுகளே வெளியிடலாம். கார்ட்ரிட்ஜை நிண்டெண்டோதான் தயாரித்துத் தரும். குறைந்தபட்ச எண்ணிக்கை எடுக்க வேண்டும், பணம் முன்கூட்டியே கட்ட வேண்டும். வெளியிட்ட விளையாட்டை இரண்டு ஆண்டுகளுக்கு வேறு கருவிக்குத் தரக்கூடாது. விற்காவிட்டால் நஷ்டம் வெளியிட்டவருக்கு. 1982-இன் வெள்ளம் மறுபடி வராமல் தடுக்க இதைவிடக் கறாரான ஏற்பாடு இருக்க முடியாது. ஐந்து என்ற வரம்பைத் தாண்ட கோனாமி நிறுவனம் அல்ட்ரா என்ற பெயரில் இன்னொரு நிறுவனத்தைத் தொடங்கியது. நிண்டெண்டோவும் அதற்கு இடம் கொடுத்தது. பெட்டிகளில் பொறித்த தர முத்திரை, எல்லா விளையாட்டும் நன்றாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் அல்ல. மோசமானவையும் நிறைய வந்தன. ஆனால் அவை கடையை மூழ்கடிக்கும் அளவுக்கு வரவில்லை.

1988-இல் அமெரிக்க வீடியோ கேம் விற்பனை ஏறத்தாழ 230 கோடி டாலரை எட்டியது. அதில் 70 விழுக்காடு நிண்டெண்டோவுடையது. போட்டி நிறுவனமான சேகாவின் மாஸ்டர் சிஸ்டமும் அட்டாரி 7800 கருவியும் 1986-இல் களத்தில் இறங்கின. முன்னணி நிறுவனங்கள் இரண்டு ஆண்டு நிபந்தனையில் கட்டுண்டிருந்ததால் அவற்றுக்கு விளையாட்டுகள் கிடைக்கவில்லை.

வழக்குகள்

பழைய அட்டாரியின் காசுப் பெட்டிப் பிரிவான அட்டாரி கேம்ஸின் துணை நிறுவனம் டென்ஜென் முதலில் உரிமம் பெற்று மூன்று விளையாட்டுகளை வெளியிட்டது. 1988 டிசம்பரில் நிண்டெண்டோ மீது ஏகபோக வழக்குத் தொடுத்து, பூட்டைத் திறக்கும் சொந்தச் சிப்புடன் தனியாக விற்கத் தொடங்கியது. அந்தச் சிப் பிறந்த விதம்தான் வினோதம். வழக்குக்குத் தேவை என்று பொய் சொல்லி, பூட்டின் நிரலை அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்திலிருந்தே வாங்கியிருந்தார்கள். 1992-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நிண்டெண்டோவின் பக்கம் தீர்ப்பானது. வேறு சில சிறு நிறுவனங்கள் பூட்டுச் சிப்புக்குத் திடீர் மின்னழுத்தம் கொடுத்து அதை மயங்க வைத்துத் தப்பித்தன.

கடைகள் குறித்த விலைக்குக் கீழே விற்கக்கூடாது என்று நிண்டெண்டோ அழுத்தம் கொடுத்ததாகக் கூட்டாட்சி வணிக ஆணையமும் மாநிலங்களும் தொடுத்த நடவடிக்கை 1991-இல் சமரசத்தில் முடிந்தது. வாங்கியவர்களுக்கு 5 டாலர் கூப்பன் தர நிண்டெண்டோ ஒத்துக்கொண்டது. அதைக் கொண்டு நிண்டெண்டோ பொருளைத்தான் வாங்க முடியும் என்பதால் இதைத் தண்டனை என்பதா, விற்பனை ஊக்கம் என்பதா என்று அப்போதே கேலி எழுந்தது. இரண்டு ஆண்டு நிபந்தனையும் அந்தக் காலத்தில் கைவிடப்பட்டது. 1989-இல் அமெரிக்கா வந்த சேகா ஜெனிசிஸ் வளர அது வழிவிட்டது.

பின்விளைவு

ஃபேமிகாமும் என்.இ.எஸ்.ஸும் சேர்ந்து உலக அளவில் 6.19 கோடி விற்றன. வட அமெரிக்காவில் மட்டும் 3.4 கோடி. இந்தியாவில், தமிழ்நாடு உட்பட, 1990-களில் மரியோ, கான்ட்ரா போன்ற விளையாட்டுகள் பரவியது பெரும்பாலும் தைவானிலும் சீனாவிலும் செய்த மலிவு நகல் கருவிகள் வழியாகத்தான். பூட்டில்லாத ஃபேமிகாமைப் பார்த்துச் செய்தவை என்பதால் அவற்றில் உரிமம் இல்லாத கார்ட்ரிட்ஜ்களும் ஓடின.

சரிவில் சிக்கிய அட்டாரி 2600, விலை குறைந்த சிறு வடிவில் திரும்ப வந்து 1992 வரை சந்தையில் இருந்தது. நிண்டெண்டோ வகுத்த உரிம முறை அதைவிட நீண்ட ஆயுள் பெற்றது: சோனி, மைக்ரோசாஃப்ட், நிண்டெண்டோ ஆகிய மூன்று நிறுவனங்களின் கருவிகளிலும், தயாரிப்பாளரின் ஒப்புதல் இல்லாமல் யாரும் முறைப்படி ஒரு விளையாட்டை விற்க முடியாது. விற்றால் அந்தக் கருவித் தயாரிப்பாளருக்கு ஒரு பங்கு போய்ச் சேரும்.